பார்வை

பெங்களூரிலிருந்து வடக்கே, துமகூரு மாவட்டத்து மதுகிரி வட்டத்தில் மைதனஹள்ளி என்றொரு ஊர். அதை ஒட்டிய ஜெயமங்கலிக் காப்பகத்தின் புல்வெளியில் வெளிமான்கள் மேய்கின்றன. ஆண் மானுக்கு முதுகு கருப்பு, வயிறு வெள்ளை, முறுக்கிய கொம்பு. தனக்கென்று ஒரு துண்டு நிலத்தை வளைத்துக்கொண்டு காவல் நிற்கும். இன்னொரு ஆண் உள்ளே கால் வைத்தால் கொம்போடு கொம்பு மோதும்.

அந்தக் கோபத்தையே பொறியாக்கியது பழைய வேட்டைக்கலை. பழக்கிய ஆண் மானின் கொம்பில் சுருக்கு வலையைக் கட்டி, காட்டு மான் இருக்கும் பக்கம் விடுவார்கள். வந்தவனை விரட்டப் பாயும் காட்டு மானின் கொம்போ காலோ வலையில் சிக்கும். ஒளிந்திருந்தவர்கள் ஓடிவந்து பிடிப்பார்கள். அக்பர் இதில் மோகம் கொண்டவர். அவருடைய அரசவை வரலாற்றாசிரியர் அபுல் ஃபசல் அயினி அக்பரி நூலில் இதை விரிவாக எழுதியிருக்கிறார். அம்பும் ஓட்டமும் இரண்டாம் பட்சம். எதைக் கண்டால் அந்த விலங்கால் சும்மா இருக்க முடியாது என்று தெரிந்திருப்பதே இதில் வித்தை.

இப்படிப் பழக்கிய விலங்குக்குச் சங்கத் தமிழ் வைத்த பெயர் ‘பார்வை’. பெரும்பாணாற்றுப்படையில் எயினர் என்னும் வேட்டுவர் குடிசை முற்றத்தில் ஒரு விளாமரம். பார்வை மானைக் கட்டிக் கட்டியே அதன் அடிமரம் தேய்ந்திருக்கிறது. அந்த வரியில் வேட்டையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எத்தனை ஆண்டுத் தொழில் என்பதை அந்தத் தேய்மானம் சொல்லிவிடுகிறது.

ஆனால் என் மனம் நிற்பது புறநானூற்று 320ஆம் பாட்டில்தான். வீரை வெளியனார் பாடியது. இங்கே பொறி கோபமல்ல, காதல். முற்றத்தில் படர்ந்த கொடிகளின் நிழலில் வேட்டுவன் அயர்ந்து தூங்குகிறான். கட்டியிருக்கும் பார்வைப் பெண்மானைத் தேடி ஒரு தனி ஆண்மான் வந்து, தழுவி விளையாடுகிறது. பொறி பலித்துவிட்டது, கணவனை ஒரு தட்டுத் தட்டினால் போதும். மனைவி தட்டவில்லை. அவன் விழித்துவிடுவானோ, மான் துணையைப் பிரிந்துவிடுமோ என்று அஞ்சி, வீட்டுக்குள் அசையாமல் நிற்கிறாள். வெளியே மான்தோலில் காயவைத்த தினையைக் காட்டுக்கோழியும் இதல் பறவையும் கொத்துகின்றன. அவற்றை விரட்டவும் அவள் அசையவில்லை. அவள் நிற்கும் வீடு வேட்டையில் பிழைக்கும் வீடு. காயும் தினைக்குக் கீழே கிடப்பதும் ஒரு மானின் தோல். இதையெல்லாம் தெரிந்துகொண்டு நிற்பதால்தான் அந்த நிற்றலுக்கு அத்தனை கனம்.

இன்றோ, 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வெளிமானைப் பொறிவைத்துப் பிடிப்பதும் வேட்டைதான், குற்றம்தான். மைதனஹள்ளிக்குப் போகிறவர்கள் விடியற்காலையில் போங்கள். மான்கள் அருகே வந்தால் அந்த வேட்டுவன் மனைவியைப் போல் அசையாமல் நில்லுங்கள்.