படம் பிடிப்பவன் நிற்கும் இடம்

திண்டைப்போலக் கிடக்கும் கல் என்று தன் ஊருக்கே பெயர் கொடுத்துவிட்ட அந்தப் பெரும்பாறையின்மேல், மதுரை நாயக்கர் வம்சத்து முத்துக்கிருஷ்ணப்பர் 1605-ல் எழுப்பத் தொடங்கியதாகச் சொல்லப்படும் கோட்டைக்குள்ளே, பாறையில் செதுக்கிய படிகளில் மூச்சு வாங்க ஏறி உச்சியை அடைந்தால், அபிராமி அம்மன் கோயில் என்று ஊரார் இன்றும் பக்தியோடு பெயர் சொல்லுகிற கற்கோயில் ஒன்று, கர்ப்பக்கிருகத்தில் விக்கிரகம் இல்லாமல் நிற்பதைக் காணலாம். யுத்த காலத்தில் அம்மன் மலையைவிட்டு இறங்கி ஊருக்குள் குடியேறிவிட்டாள் என்பது இங்கே வழங்கும் ஐதீகம். அவள் மீண்டும் மலையேற வேண்டும் என்ற ஆசை திண்டுக்கல்காரர்களுக்கு இன்றைக்கும் உண்டு. புகைப்படக் கலையில் ஈடுபாடுள்ள ஒருவன் அங்கே போனால் அவனுக்கு வேறெங்கும் கிட்டாத ஓர் அனுபவம் கிட்டுகிறது. அர்த்த மண்டபத்தின் இருளைத் தாண்டி, சாதாரணமாக அர்ச்சகர் ஒருவரைத் தவிர வேறெவரும் கால்வைக்காத அந்தச் சின்னஞ்சிறு சதுரத்துக்குள் அவன் கேமராவோடு நுழையலாம், தடுக்க ஆளில்லை. முதல் தடவை நான் அப்படி நுழைந்தபோது, கேமராவை எடுக்க மனம் வராமல், சுவரில் சாய்ந்தபடி வெகுநேரம் நின்றேன். தமிழ்நாட்டிலே கர்ப்பக்கிருகம் ஒன்றைப் படம் பிடிக்க வேண்டுமானால் அதைத் தெய்வம் விட்டுப் போயிருக்க வேண்டும் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

நம் பக்கத்தில் கேமராவுக்குரிய மரியாதை வாசற்படியைக் கொண்டு அளக்கப்படுவது. எவ்வளவு தூரம் உள்ளே வரலாம் என்பதே கேள்வி. 2022 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, கோயில்களுக்குள் கைபேசியைக் கொண்டு செல்வதைத் தடை செய்யும்படி உத்தரவிட்டது. இதே ஜில்லாவில் உள்ள பழனி மலைக்கோயிலில் 2023 அக்டோபர் முதல் தேதியிலிருந்து கைபேசிக்கும் கேமராவுக்கும் அநுமதி இல்லை. திண்டுக்கல்லுக்கு வடக்கே சிறிது தூரத்தில் உள்ள தாடிக்கொம்பு சௌந்தரராஜப் பெருமாள் கோயில் மண்டபத்துத் தூண்களில், ஆள் உயரத்துக்கும் மேற்பட்ட சிற்பங்கள் நரம்பும் நகமும் தெரியச் செதுக்கப்பட்டிருக்கின்றன. அவற்றை நான் கண்ணால் மட்டுமே எத்தனையோ முறை படம் பிடித்திருக்கிறேன். இதில் எனக்கு வருத்தம் உண்டா என்றால், உண்டு. ஆனால் ஆட்சேபம் இல்லை. வழிபட வந்தவர்களுடைய தோள்களுக்குமேல் நூறு கைபேசிகள் எழும்பி நிற்பதைப் பார்த்தவர்கள் அந்த உத்தரவின் நியாயத்தை அறிவார்கள். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடங்களிலோ நிலைமை வேறு. 2018-ல் மத்திய தொல்லியல் துறை, தாஜ்மகாலின் கல்லறை மண்டபம், அஜந்தா குகைகள் போன்ற சிலவற்றை விலக்கிவிட்டு, மற்றச் சின்னங்களில் படம் எடுப்பதற்கிருந்த தடையை நீக்கிவிட்டது. ஆகவே நம் ஊர்ப் பொழுதுபோக்குப் படக்காரனுக்குக் கல் கிடைக்கிறது, கோட்டை கிடைக்கிறது, மதில் கிடைக்கிறது, தெய்வம் கிடைப்பதில்லை.

இலங்கைக்குப் போகிறவன் முதலில் திகைப்பது இங்கேதான். பொலன்னறுவையில், சோழர் ஆட்சியின் நாளிலே வானவன்மாதேவி ஈச்சரம் என்ற பெயரோடு எழுந்ததும், இன்று இரண்டாம் சிவ தேவாலயம் என்று எண்ணிட்டு அழைக்கப்படுவதுமான கற்றளியின் உள்ளே லிங்கம் இருக்கிறது. யாரோ ஒருவர் வைத்துவிட்டுப் போன பூவும் அதன்மேல் இருக்கும். வாசலில் கதவு இல்லை, கேமராவுக்குத் தடையும் இல்லை. திண்டுக்கல் உச்சியில் உள்ள கோயிலைப்போலவே மரமும் வானமும் சூழ நிற்கிற அந்தக் கோயிலின்முன் நம்மவன் ஒருவன் நின்றால், பழக்கத்தின் வேகத்தில் தானாகவே வாசற்படியில் கால் தயங்குவான்.

அங்கிருந்து சற்று வடக்கே நடந்து, பன்னிரண்டாம் நூற்றாண்டில் முதலாம் பராக்கிரமபாகு ஒரே பாறை முகப்பில் செதுக்குவித்த கல் விகாரைக்கு வந்தால், அந்நாட்டு மரியாதையின் மறுபக்கம் புலப்படும். பதினான்கு மீட்டர் நீளத்தில் சயனித்திருக்கும் புத்தரை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் படம் எடுக்கலாம். ஆனால் அவருக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, தன்னையும் அவரையும் சேர்த்து எடுத்துக்கொள்ள முயல்பவனைக் காவலர் உடனே தடுத்துவிடுவார். அங்கே கேமரா எங்கே நிற்கிறது என்பது விஷயமல்ல. மனித உடம்பு எந்தத் திசை நோக்கி நிற்கிறது என்பதே விஷயம். 2012-ல் பிரெஞ்சு நாட்டுப் பிரயாணிகள் சிலர் புத்தர் சிலையை முத்தமிடுவதுபோல் பாவனை செய்து எடுத்த படங்களைக் காலி நகரத்துப் படக்கடையில் அச்சிடக் கொடுத்தபோது, கடை ஊழியர் பொலிசாருக்குத் தகவல் சொல்ல, நீதிமன்றம் அவர்களுக்கு ஒத்திவைக்கப்பட்ட சிறைத் தண்டனை விதித்தது. தெய்வ சந்நிதியில் கேமராவை மூடச் சொல்லுகிற நம் வழக்கத்தைவிட, திறந்த கேமராவோடு நிற்கச் சொல்லி நிற்கும் முறையைக் கவனிக்கிற அந்த வழக்கமே படக்காரனை அதிகமாகப் பண்படுத்துகிறது என்பது என் அபிப்பிராயம். ஏனெனில் கதவடைத்த இடத்தில் கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை; திறந்த இடத்திலே ஒவ்வொரு படத்துக்கும் அவன் தன் நிலையைத் தானே தீர்மானிக்க வேண்டியிருக்கிறது.

இதைத் தீவு முழுவதற்கும் பொதுவான இயல்பாகச் சொல்லிவிட முடியாது. யாழ்ப்பாணத்து நல்லூர்க் கந்தசாமி கோயிலில் ஆண்கள் மேலாடையைக் களைந்து உள்ளே போகிறார்கள். படம் பிடிக்கும் கருவி வெளியே நின்றுவிடுகிறது. தமிழன் கடல் கடந்தாலும் வாசற்படியைக் கூடவே கொண்டுபோகிறான். சொற்களை மட்டும் அவன் மாற்றிக்கொண்டான்: நாம் கேமரா என்கிறோம், அவர்கள் கமரா என்கிறார்கள், நாம் புகைப்படம் என்பதை அவர்கள் ஒளிப்படம் என்றும் நிழற்படம் என்றும் எழுதுகிறார்கள். ஒளியும் நிழலும் சேர்ந்து ஆகிற காரியத்துக்குப் புகையை எதற்காக நாம் பிடித்துக்கொண்டோம் என்று யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவர் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை, இன்றுவரையும் இல்லை.

சிகிரியாவைச் சொல்லாமல் இந்தப் பேச்சு பூர்த்தியாகாது. சமவெளியிலிருந்து சுமார் 180 மீட்டர் செங்குத்தாக எழும் அந்தப் பாறையும், நம் திண்டுக்கல் பாறையும், கோட்டையைச் சுமந்த இரண்டு கல் உடன்பிறப்புக்கள். ஐந்தாம் நூற்றாண்டில் மன்னன் காசியப்பன் காலத்தில் தீட்டிய பெண்களின் சித்திரங்கள் அதன் இடுக்கில் உள்ளன. 1967-ல் விஷமிகள் அவற்றின்மேல் பூச்சைப் பூசிப் பாழ்செய்தார்கள். இன்று அவற்றின் அருகில் நின்று படம் எடுக்கக் கூடாது. ஆனால் அதற்குச் சற்றுக் கீழே கண்ணாடிச் சுவர் என்று ஒன்று இருக்கிறது. எட்டாம் நூற்றாண்டு முதல் பத்தாம் நூற்றாண்டு வரை, அந்தப் பெண்களைப் பார்க்க வந்த யாத்திரிகர்கள் தங்கள் மனத்தில் தோன்றியதைச் செய்யுளாக அந்தச் சுவரிலே கீறி வைத்துவிட்டுப் போனார்கள். அவற்றுள் 685-ஐத் தொல்லியல் அறிஞர் பரணவிதான படித்து 1956-ல் நூலாக வெளியிட்டார். கண்டதை அப்படியே விட்டுப்போக மனமின்றி, ஏதேனும் ஓர் அடையாளத்தால் அதைப் பற்றிக்கொள்ளத் தவிப்பதுதான் பிரயாணப் படக்கலையின் வேர் என்றால், அந்த வேர் கேமராவுக்கு ஆயிரம் ஆண்டு மூத்தது. திண்டுக்கல் கோட்டையிலும் சுவரிலே கீறிய எழுத்துக்கள் உண்டு. காதலர் பெயர்களே அதிகம். அவற்றைப் படித்து நூலாக்கப் பரணவிதான ஒருவர் வரமாட்டார். பெயர் எழுத நினைத்த கை ஒரு படம் எடுத்துக்கொண்டு இறங்கியிருந்தால் கல்லாவது பிழைத்திருக்கும்.

இரண்டு நாடுகளிலும் சரித்திர ஸ்தலங்களை ஆரம்ப காலத்தில் படமாக்கியவர்களில் பலர் சர்க்காரின் ஏவலில் போனவர்கள். சென்னை ராஜதானியின் படப்பிடிப்பாளராக நியமனம் பெற்ற லின்னேயஸ் ட்ரைப், 1858-ல் ஸ்ரீரங்கம், தஞ்சாவூர், புதுக்கோட்டை, மதுரை என்று இந்தப் பக்கமெல்லாம் மாட்டு வண்டிகளில் காகித நெகட்டிவ்களைச் சுமந்துகொண்டு திரிந்து, தஞ்சைப் பெரிய கோயில் அடித்தளத்துக் கல்வெட்டுக்களை இருபத்தொரு படங்களாக எடுத்து, பத்தொன்பது அடி நீளத்துக்கு ஒட்டிச் சேர்த்தார். சில ஆண்டுகளுக்குப் பின், 1870-ஐ ஒட்டி, ஜோசப் லாட்டன் அநுராதபுரத்துக்கும் பொலன்னறுவைக்கும் காட்டு வழியே கண்ணாடித் தகடுகளையும் இருட்டுக் கூடாரத்தையும் கொண்டுபோய், இடிபாடுகளை மரங்கள் விழுங்கிக்கொண்டிருந்த கோலத்தில் எடுத்தார். அந்த வேலை அவர் தேகத்தைக் குலைத்துவிட, தாயகம் திரும்பி 1872-ல் காலமானார். நாம் இன்று சட்டைப்பையிலிருந்து எடுத்து ஒரு நொடியில் முடிக்கிற காரியத்துக்கு ஒரு மனிதன் ஆயுளையே விலையாகக் கொடுத்திருக்கிறான் என்பதை, பொலன்னறுவைக்குப் போகிறவர்கள் ஒரு கணமேனும் நினைத்துக்கொள்ளலாம்.

உத்தியோகமாக இருந்தது பொழுதுபோக்காக மாறியபோதுதான் இரண்டு கரைகளும் பிரிந்தன. இலங்கைக்கு லயனல் வென்ட் கிடைத்தார். வழக்கறிஞராகப் படித்து, பியானோ வாசிப்பதில் தேர்ந்து, முப்பதுகளில் கேமராவைக் கையிலெடுத்த அவர், தென்னஞ்சோலையையும் செம்படவன் முதுகையும் பாழடைந்த விகாரையையும் ஒரே தீவிரத்தோடு பார்த்தார். இருட்டறையிலே ஒளியைப் புரட்டிப்போட்டு நெகட்டிவும் பாசிட்டிவும் கலந்த விசித்திரச் சோதனைகள் செய்தார். நாற்பத்து நான்கு வயதிலே 1944-ல் இறந்துபோனார். அவருடைய நெகட்டிவ்கள் மறைவுக்குப் பின் அழிக்கப்பட்டன என்றாலும், 1950-ல் வெளிவந்த படத்தொகுதி அந்த நாட்டு அமெச்சூர்களுக்கு ஓர் அளவுகோலாயிற்று. பின்னால் ஸ்டூடியோ டைம்ஸ் என்ற நிலையத்தை நிறுவிய நிஹால் பெர்னாண்டோ, ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகக் காட்டையும் குளத்தையும் படமெடுத்து, அவற்றின் அழிவைக் கண்டித்துக் குரலும் கொடுத்தார். நமக்கு வந்தவர்கள் வேறு விதமானவர்கள். டோக்கியோவிலும் நியூயார்க்கிலும் படக்கலை பயின்ற ஏ. கே. செட்டியாரிடம் கேமரா, உலகம் சுற்றுகிற பேனாவுக்குத் துணையாயிற்று. மா. கிருஷ்ணனோ, பல கேமராக்களின் உறுப்புக்களைச் சேர்த்துத் தானே கட்டிய பருத்த கருவியைத் தூக்கிக்கொண்டு, கறுப்பு வெள்ளையிலேயே யானையையும் மானையும் ஆண்டுக்கணக்காக எடுத்தார். 1950 முதல் 1996-ல் மறையும்வரை ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையில் இயற்கையைப் பற்றி எழுதினார். அங்கே படமே பேசிற்று; இங்கே படத்தோடு வார்த்தையும் பேசிற்று. எழுத்தைக் கைவிட்டுவிட்டுப் படத்தை மட்டும் எடுக்கிற இக்காலத்துத் தமிழ் இளைஞனுக்குக் கிருஷ்ணனுடைய மரபில் பாதிதான் கிடைக்கிறது என்று எனக்குத் தோன்றும்.

ஒளியைப் பற்றியும் சொல்ல வேண்டும். கொழும்பிலும் மேற்குக் கரையிலும் ஈரம் லென்ஸுக்குள் புகுந்து பூஞ்சையாய்ப் படரும். அங்கே படக்காரன் மழையைவிட அலமாரியைக் கண்டே அஞ்சுவான். திண்டுக்கல் மழை மறைவுப் பிரதேசம். இங்கே சத்துரு புழுதி. தென்கிழக்கே சிறுமலை, மேற்கே பழனி மலைத்தொடர், நடுவே புகையிலைக் கொல்லைகளும் கரடுகளும் கண்மாய்களும். பங்குனி சித்திரையில் வானம் வெளுத்து, மலைகள் இருப்பதே தெரியாது. ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை இரண்டு நாள் அடித்து ஓய்ந்த மறுநாள் காலையிலே கோட்டைமேல் நின்றால், சிறுமலையின் ஒவ்வொரு மடிப்பையும் எண்ணலாம். பேகம்பூர்ப் பள்ளிவாசலின் மினார்கள் கையெட்டும் தூரத்தில் நிற்பதுபோல் தோன்றும். அந்த ஒரு காலைக்காக வருஷம் முழுவதும் காத்திருக்கலாம். ஆனால் அந்தக் காலையில் உச்சியிலே கேமராவோடு நான் கண்டவர்கள் ஒரு கை விரல்களுக்குள் அடங்குவார்கள். அதே வேளையில் கீழே கொடைக்கானல் சாலையில் கார்கள் வரிசையாகப் போய்க்கொண்டிருக்கும். இலங்கையில் ஒரு பாறைக்காகத் தீவைச் சுற்றி வருகிறார்கள். இங்கே ஒரு பாறையைச் சுற்றிக்கொண்டு வேறிடத்துக்குப் போகிறார்கள். ஆத்தூர் காமராசர் அணையிலே மலைகள் நீரில் தலைகீழாய் விழும் காட்சிக்கு மட்டும் இப்போது கூட்டம் சேர்கிறது. அதுவும் நல்லதுதான்.

எங்கே நிற்பது என்ற கேள்வி கல்லோடு முடிவதில்லை. உயிரிடத்தில் வரும்போது அது இன்னும் கூர்மையாகிறது. இரண்டு நாட்டுக் காடுகளுக்கும் சொந்தமான ஒரு பிராணி தேவாங்கு. இலங்கையின் ஹோர்ட்டன் சமவெளியில் வாழ்ந்த தேவாங்கு வகை, 1937-க்குப் பின் நான்கே தடவை கண்ணில் பட்டு, அழிந்தே போயிற்று என்று கருதப்பட்டிருந்தது. 2010-ல் வெளியான சில புகைப்படங்களே அது உயிரோடிருப்பதை உலகத்துக்கு நிரூபித்தன. இங்கேயோ, திண்டுக்கல், கரூர் ஜில்லாக்களைச் சேர்ந்த 11,806 ஹெக்டேர் காட்டைத் தமிழக அரசு 2022 அக்டோபரில் கடவூர் தேவாங்கு சரணாலயமாக அறிவித்தது. தேவாங்குக்கென்று இந்தியாவில் ஏற்பட்ட முதல் சரணாலயம் அதுவே. இரவில் இரை தேடும் அந்தப் பிராணியின் கண்கள் மிகப் பெரியவை. மங்கிய நட்சத்திர வெளிச்சத்துக்கென்றே அமைந்தவை. கேமராவின் பிளாஷ் அதன் முகத்தில் வெடித்தால் அது குருடானதுபோல் ஸ்தம்பித்து, கிளையைப் பற்றிக்கொண்டு நின்றுவிடும். ஆகவே அதைத் தேடுகிற ஆராய்ச்சியாளர்கள் விளக்கின்மேல் சிவப்புத் தாளைக் கட்டிக்கொண்டு போகிறார்கள்.

வனத்துறையின் அநுமதியின்றிக் காட்டுக்குள் இரவில் போகக் கூடாது; போகவும் இல்லை. அய்யலூர்ப் பக்கத்தில் ஒரு தோட்டத்து வேலியோரம், தோட்டக்காரரோடு நின்றிருந்தேன். சிவப்பு வெளிச்சத்தில் முள்மரக் கிளையொன்றில் இரண்டு நெருப்புப் பொறிகள் அருகருகே தோன்றின. கேமரா கழுத்தில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. “பிளாஷ் மட்டும் போட்றாதீங்க சார், பாவம் அது,” என்றார் அவர், குரலைத் தாழ்த்தி. பிளாஷில்லாமல் அந்த இருட்டில் எதுவும் விழாது என்று தெரிந்திருந்ததால் நான் கேமராவைத் தொடவில்லை. பொறிகள் இரண்டும் மெள்ள மெள்ள, ஒரு விரற்கடை, பிறகு ஒரு விரற்கடை என்று, அடுத்த கிளைக்கு நகர்ந்தன. அவர் விளக்கை அணைத்தார். கண் இருட்டுக்குப் பழகும்வரை நாங்கள் இருவரும் அசையாமல் அங்கேயே நின்றோம்.