மேன் பக்கம்

1971 நவம்பர் 3 என்று தேதியிட்ட யுனிக்ஸ் இயங்குதளத்தின் முதல் கையேடு காகிதக் கையேடு. பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் எழுதியது. ஓரிரு ஆண்டுகளில் 'மேன்' கட்டளை வந்துவிட்டது. அலமாரியைத் தேடி எழுந்து போகாமல், வேண்டிய பக்கத்தை இருந்த இடத்திலேயே வரவழைக்கலாம்.

அச்சுக்கும் முனையத்துக்கும் மூலக்கோப்பு ஒன்றே என்பதுதான் இதில் அழகு. வரித் தொடக்கத்தில் ஒரு புள்ளி, அடுத்து இரண்டு எழுத்து: இது தலைப்பு, இங்கே இடைவெளி என்று, பக்கத்தை வடிவமைக்கும் 'ராஃப்' நிரலுக்குச் சொல்ல அது போதும்.

புத்தகத்தின் ஜாடை இன்னும் போகவில்லை. பிரின்ட்எஃப்(1) என்றால் கட்டளை, பிரின்ட்எஃப்(3) என்றால் சி மொழிச் செயற்கூறு. அடைப்புக்குள் இருப்பது பழைய கையேட்டின் பகுதி எண். புரட்டுகிற விரலுக்குச் சட்டென்று அகப்படும்படி தாளின் மேல் ஓரங்களில் அச்சிட்ட பெயர், புரட்ட எதுவுமில்லாத திரையிலும் இரு மூலைகளிலும் நிற்கிறது.

எல்லாவற்றிலும் மனதைக் கவர்வது 'பக்ஸ்' என்ற பகுதி. தாங்கள் எழுதிய நிரலின் குறையைத் தாங்களே அதே பக்கத்தில் எழுதி வைத்தார்கள், முதல் பதிப்பிலிருந்தே.