உள்ளங்கை அறியும் தேய்மானம்

பெங்களூரின் ஜே.சி. ரோட்டை ஒட்டிய பட்டறைகளில் பழைய மாருதி எஸ்டீமின் பின்சக்கரத்தைச் சீர்செய்யும் தேர்ந்த மெக்கானிக், கணினித் திரையை நாடுமுன் டயரின் குறுக்கே உள்ளங்கையை ஓட்டிப் பார்க்கிறார். ஒரு திசையில் வழுவழுப்பாகவும் மறுதிசையில் ரம்பப் பல்லைப் போலவும் ரப்பர் உறுத்தினால், சக்கரத்தின் முன்விளிம்பு உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் கோணமாகிய 'டோ' பிசகியிருப்பது அவருக்குப் புலப்பட்டுவிடுகிறது.

புஷ், அதாவது இணைப்புத் தண்டின் மூட்டில் அமர்ந்து அதிர்வை வாங்கும் ரப்பர் உருளை, தளர்ந்திருக்கையில் கோணத்தை மட்டும் திருத்துவது வீண் என்பதால், துருவேறிய போல்ட்டை எண்ணெயில் ஊறவிட்டு, அது கிறீச்சிட்டு இளகும்வரை அவசரமின்றிக் காத்திருந்து, புஷ்ஷை மாற்றிய பின்பே அவர் கோணத்தைத் தொடுகிறார். ஸ்பேனரை மயிரிழை திருப்பி, வண்டியை முன்னும் பின்னும் உருட்டி, ஸ்பிரிங் தன் இயல்பில் அமர்ந்தபின் மீண்டும் அளக்கும் அந்தப் பொறுமை பெரிதும் ரசிக்கத்தக்கது; தேய்ந்த ரப்பர் திரும்ப வளராது எனினும், அடுத்து மாட்டப்படும் டயர் முழு அகலமும் சாலையில் பதிந்து ஒரே சீரான ஒலியுடன் உருளும்.