இணையத்தில் வந்தது அச்சேறுமா?

முகநூலில் போட்ட கவிதையை இதழுக்கு அனுப்பலாமா? வலைத்தளத்தில் தொடராக எழுதிய நாவலைப் பதிப்பகம் எடுத்துக்கொள்ளுமா? புதிதாக எழுத வருகிறவர்கள் இவ்விரண்டையும் ஒரே கேள்வியாகக் கேட்கிறார்கள். விடைகள் வேறு வேறு. ஒரு படைப்பு ஏற்கெனவே வெளிவந்துவிட்டதா என்பதைச் சட்டமும் இதழும் பதிப்பகமும் தத்தம் தேவைக்கேற்பவே முடிவு செய்கின்றன.

சட்டத்தின் நிலை எளிது. 1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், தன் 3ஆம் பிரிவில், பிரதிகள் வெளியிடுவதோடு படைப்பைப் பொதுமக்களுக்கு எட்டச் செய்வதையும் வெளியீடாகவே கொள்கிறது. அதன்படி இணையப் பதிவும் வெளியீடுதான். அதனால் எழுதியவரின் உரிமை போய்விடாது. அது அவர் ஆயுட்காலத்துக்கும் அதன்பின் 60 ஆண்டுகளுக்கும் நிற்கும்.

சிக்கல் தொடங்குவது இதழ்களிடம். இதழ் கேட்பது முதலில் வெளியிடும் உரிமையை. அது ஒரு முறைதான் கொடுக்கக்கூடியது. சிகாகோவின் ‘பொயட்ரி’ இதழ் அச்சிலோ இணையத்திலோ முன்பே வந்த கவிதைகளை ஏற்பதில்லை. கலிஃபோர்னியாவின் ‘ராட்டில்’ இதழோ, கவிஞர் தம் சொந்தத் தளத்திலும் சமூக ஊடகத்திலும் பகிர்ந்ததை வெளியீடாகக் கருதுவதில்லை. ஒரே நாட்டில், ஒரே துறையில் இரு விதிகள். தமிழில் இதழ்களும் சிறுகதைப் போட்டிகளும் ‘வேறெங்கும் வெளிவராதது’ என்று உறுதிமொழி கேட்பது பழைய வழக்கம். முகநூல் பதிவு அதில் அடங்குமா என்பது பெரும்பாலும் ஆசிரியரின் தீர்மானம். அனுப்புமுன் கேட்டுவிடுவதே நல்லது.

பதிப்பகத்தின் கணக்கு இதற்கு நேர்மாறானது. அதற்கு வேண்டியது வாசகர்கள். படைப்பு முன்பே வாசிக்கப்பட்டது என்பது அங்கே குறையாகாது. தமிழுக்கு இது புதிதுமல்ல. ‘பொன்னியின் செல்வன்’ 1950களில் வாரத் தொடராக வந்து நூலானது. சிறுகதைத் தொகுப்புகளின் முன்பக்கத்தில் கதைகள் வெளிவந்த இதழ்களுக்கு நன்றி சொல்வது இன்றும் வழக்கம். ஜெயமோகன் ‘வெண்முரசு’ வரிசையை 2014 ஜனவரி முதல் 2020 ஜூலை வரை தம் தளத்தில் நாள்தோறும் இலவசமாக வெளியிட்டார். அதன் 26 நாவல்களில் பல, தொடர் ஓடிக்கொண்டிருந்தபோதே அச்சு நூல்களாகிவிட்டன.

ஜெயமோகன் முன்பே புகழ்பெற்றவர். புதியவருக்கு இது பொருந்துமா என்று கேட்கலாம். அமெரிக்க எழுத்தாளர் ஜான் ஸ்கால்ஸி தம் ‘ஓல்டு மேன்ஸ் வார்’ நாவலை 2002 டிசம்பரில் சொந்தத் தளத்தில் தொடராக இட்டார். அப்போது அவருடைய நாவல் எதுவும் அச்சில் வந்திருக்கவில்லை. அதைப் படித்த டோர் பதிப்பக ஆசிரியர் ஒருவர் வாங்கிக்கொள்ள, 2005இல் நூலாயிற்று. ஆண்டி வேயர் ‘தி மார்ஷியன்’ நாவலை அத்தியாயம் அத்தியாயமாகத் தம் தளத்தில் எழுதி, வாசகர் கேட்டதால் 2011இல் கிண்டிலில் 99 சென்ட்டுக்கு ஏற்றினார். விற்பனையைப் பார்த்துத்தான் கிரவுன் பதிப்பகம் வந்தது. 2014இல் அச்சு நூல், 2015இல் திரைப்படம்.

இவை வென்றவர்களின் கதைகள். இணையத்தில் எழுதி யாரும் தேடி வராமல் போன நாவல்களை எவரும் எண்ணி வைக்கவில்லை. தவிர, பதிப்பகம் வாங்கும்போது இலவசப் பிரதியை நீக்கச் சொல்லலாம். அமேசானின் கேடிபி செலக்ட் என்னும் மின்நூல் திட்டத்தில் சேர்ந்தாலோ, 90 நாள்களுக்கு அந்த நூலின் மின்வடிவம் வேறெங்கும் இருக்கக் கூடாது. மறுபுறம், பேரம் பேசும் வலு எழுத்தாளர் பக்கம் சாய்வதும் உண்டு. ‘வூல்’ நாவலை எழுதிய ஹியூ ஹோவி, அமெரிக்காவில் அச்சு உரிமையை மட்டும் சைமன் அண்டு ஷூஸ்டருக்குக் கொடுத்து, மின்நூல் உரிமையைத் தம்மிடமே வைத்துக்கொண்டார்.

ஆகவே பகிர்வதால் வரும் இழப்பு படைப்பின் நீளத்தைப் பொறுத்தது. ஒரு கவிதையோ சிறுகதையோ இணையத்துக்குப் போனால், இதழிலும் போட்டியிலும் அதற்கான இடம் சுருங்கும். தொகுப்பில் சேர்க்கத் தடையில்லை. நாவலுக்கு அந்த இழப்பு குறைவு, வாசகர் சேர்ந்தால் ஆதாயமும் உண்டு. இதழில் வர வேண்டும் என்று நினைக்கும் கதையை முதலில் இதழுக்கு அனுப்புங்கள். அது அச்சில் வந்தபின், ஆசிரியரின் ஒப்புதலோடு இணையத்தில் போடலாம். வரிசையை மாற்றினால் அந்த முதல் வாய்ப்பு திரும்பக் கிடைக்காது.