சபையை இருட்டாக்கும் விளக்கு

பாஞ்சாலி துகிலுரியப்படும் காட்சியை நவீன மேடைகளில் பலமுறை பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் ஒரே மாதிரிதான் ஒளி அமைக்கிறார்கள். மேடை மெல்ல இருளும். மேலிருந்து ஒரு வட்ட வெளிச்சம் அவள்மேல் மட்டும் விழும். அவள் கதறுவாள், சேலை நீளும், அரங்கம் கலங்கிப்போகும். எனக்கோ அந்த நேரத்தில் கண் இருட்டுக்குள் தேடும். பீஷ்மர் எங்கே? துரோணர் எங்கே? ஐந்து கணவர்கள் எங்கே? அவள் கேள்வி கேட்டது சபையைப் பார்த்து. பதில் சொல்ல வேண்டியவர்களை விளக்கணைத்துக் காப்பாற்றிவிட்டு, கேட்டவளை மட்டும் வெளிச்சத்தில் நிறுத்துவது அழகியல் முடிவு மட்டுந்தானா? அனுதாபம் என்ற பெயரில் துச்சாதனன் செய்ததையே விளக்கும் செய்கிறது என்பது என் கருத்து.

எங்கள் ஆரணியைச் சுற்றியுள்ள கிராமங்களில் திரௌபதியம்மன் கோயில் பாரதக் கூத்து நடக்கும்போது 'பகடை துகில்' இரவு வரும். அங்கே இப்படி ஒளித்துவைக்க வழியில்லை. மூன்று பக்கமும் சனங்கள். பின்னால் பெஞ்சில் மிருதங்கம், ஆர்மோனியம், முகவீணை. பெட்ரோமாக்ஸ் காலத்திலும் சரி, டியூப்லைட் வந்த பிறகும் சரி, ஆட்டக்களம் முழுவதும் ஒரே வெளிச்சம். துரியோதனன் முகமும் தெரியும், தலைகுனிந்த தருமன் முகமும் தெரியும். முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் ஊர்ப் பெரியவர்கள் முகம்கூடத் தெரியும். அவர்களும் அந்தச் சபைதானே!

இதைச் சொல்லிக் கூத்தைக் கோபுரத்தில் ஏற்ற நான் வரவில்லை. அந்த வெளிச்சத்தில் நின்ற பாஞ்சாலி பெரும்பாலும் ஆண்தான். கியாஸ் விளக்குக்கு முந்திய காலத்தில் பல ஊர்களில் பந்தம் பிடித்தது வண்ணார் குடும்பங்கள். அது ஊர் அவர்கள்மேல் சுமத்திய ஊழியம். ராஜாவின் கிரீடம் மின்னுவதற்கு விடியவிடியக் கை கடுக்க நின்றவரை யாரும் கலைஞர் என்று சொன்னதில்லை. நம் ஊரில் ஒளியமைப்பு என்ற வேலையின் வரலாற்றை எழுதினால் முதல் பக்கத்தில் அவர்தான் இருக்க வேண்டும்.

புஜக்கட்டையிலும் கிரீடத்திலும் கண்ணாடிச் சில்லும் ஜிகினாவும் ஒட்டியிருப்பது தாழ்வான, அசைகிற நெருப்புக்காக. ஆட்டக்காரர் கிறுக்கியடித்துச் சுழலும்போது தீப்பொறி பறப்பதுபோல் இருக்கும். நேர் எதிரே ஹாலஜனை நிறுத்தினால் எல்லாம் தகரம்போல் ஒரே பளபளப்பாகிவிடுகிறது. ஒளி எங்கிருந்து வருகிறது என்பது எவ்வளவு முக்கியம் என்று தறி வீட்டில் வளர்ந்த எவளுக்கும் தெரியும். பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம் போட்டு நெய்த மயில்கழுத்துச் சேலையை நேர் வெளிச்சத்தில் பார்த்தால் நீலம், சன்னலோரம் சாய்த்துப் பிடித்தால் பச்சை. பட்டு ஒன்றுதான், மாறியது பக்கம்.

அமெரிக்காவில் ஜீன் ரோசந்தால் நடன மேடைக்குச் செய்ததும் இந்தப் பக்கம் மாற்றுகிற வேலைதான். 1912இல் பிறந்தவர். யேலில் படித்தவர். அவர் தொழிலுக்கு வந்தபோது ஒளியமைப்பாளர் என்று தனியாக ஒரு பதவியே கிடையாது. இயக்குநரோ மின்பணியாளரோ போகிறபோக்கில் பார்த்துக்கொள்கிற காரியம் அது. மார்த்தா கிரஹாமின் நடனங்களுக்கும் பாலன்சீனின் பாலேக்களுக்கும் அவர் விளக்குகளைப் பக்கவாட்டுக்குக் கொண்டுபோனார். முன்னாலிருந்து விழும் ஒளி முகத்தைக் காட்டும், உடலைத் தட்டையாக்கும். பக்கவாட்டு ஒளியில் தோளும் தொடையும் முதுகெலும்பும் திரண்டு நிற்கும். ஆடுபவளின் உழைப்பு தெரியும். பார்க்க வைக்கப்பட்ட உடல் வேறு, வேலை செய்கிற உடல் வேறு என்பதை அவர் விளக்கால் பிரித்துக் காட்டினார் என்றே நான் வாசிக்கிறேன். 'வெஸ்ட் சைடு ஸ்டோரி' (1957), 'ஃபிட்லர் ஆன் த ரூஃப்' (1964) எல்லாம் அவர் ஒளியில் நின்றவை. எந்த விளக்கு எங்கே, எந்த நொடியில், எவ்வளவு என்று நுணுக்கமாகத் தாளில் வரைந்து வைத்தார். ஆண்கள் மட்டுமே நிறைந்த மின்பணிக் குழுக்களுக்கு நடுவில் ஒரு பெண்ணுக்கு அந்தத் தாள்தான் அதிகாரம். 1969இல் புற்றுநோயில் இறந்தார்.

பெண்தான் பெண்ணுக்கு விளக்குப் பிடிக்க வேண்டும் என்று நான் வாதிடவில்லை. சென்னையில் சந்திரலேகாவின் 'சரீரா'வுக்கு (2001) ஒளி அமைத்தவர் சதானந்த் மேனன். பெண்ணுடல் அவ்வளவு மெதுவாக, அவ்வளவு வெளிப்படையாகத் திறக்கும் அந்தப் படைப்பில் ஒளி எங்கும் எட்டிப் பார்க்கவில்லை, காத்திருக்கிறது. ஆனால் ஆண்களிலும் நல்ல கை உண்டு என்பது, பெண்களுக்குக் கை கிடைக்காததற்குப் பதிலாகாது. தபஸ் சென்னின் பெயரைச் சொல்லாமல் இந்திய மேடை ஒளியைப் பேச முடியாது. உத்பல் தத்தின் 'அங்கார்' (1959) நாடகத்தில் சுரங்கத்துக்குள் வெள்ளம் ஏறுவதை விளக்காலேயே காட்டியவர் அவர். அந்த வரிசையில் ஒரு தமிழ்ப் பெண்ணின் பெயரைச் சொல்லச் சொன்னால் நாடகம் அறிந்தவர்களே யோசிக்கிறார்கள்.

காரணம் திறமையில் இல்லை, கடிகாரத்தில் இருக்கிறது. அரங்க வாடகை மணிக்கணக்கு. முந்தைய நிகழ்ச்சி முடிந்து, இரவு பத்துக்குமேல்தான் ஏணி போட்டு விளக்கைத் திருப்ப முடியும். மகளிர் விடுதிக் கதவு அதற்கு முன்பே சாத்தியாகிவிடும். நடிக்க வந்த பெண்ணை வீட்டுக்கு அனுப்பிவிட்டுத்தான் விளக்கு வேலை தொடங்குகிறது. அவள் எப்போது கற்றுக்கொள்வாள்? காஞ்சிபுரம் அருகே புஞ்சரசந்தாங்கலில் இருந்த கட்டைக்கூத்து குருகுலத்தில் 2002 முதல் சிறுமிகளும் கூத்துப் பயின்று கிரீடம் கட்டி ஆடினார்கள். வேடம் பெண்ணுக்கு வந்துவிட்டது. சுவிட்ச் இன்னும் வரவில்லை.

இப்போது எங்கள் பக்கத்துக் கூத்துக்கு ரேடியோ செட்காரர்களே எல்.இ.டி. விளக்கும் கொண்டுவருகிறார்கள். பாஞ்சாலி கூந்தலை விரித்துச் சபதம் போடும்போது சிவப்பு, பச்சை, ஊதா என்று மாறிமாறி அடிக்கிறது. போன வருடம் என்னோடு வந்த மாணவி ஒருத்தி, கல்லூரி நாடகத்துக்கு விளக்குப் போட்டுப் பழகியவள், நேரே அந்தப் பையனிடம் போய், "தம்பி, இந்த ஒரு காட்சிக்கு மட்டும் கலரை நிறுத்திட்டு வெள்ளையை எல்லார்மேலயும் போடேன்" என்றாள்.

"அப்புறம் சபதம் எடுபடாதேக்கா" என்றான் அவன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "வேணும்னா நீயே வந்து போட்டுப் பாரு" என்று ரிமோட்டை நீட்டினான். அவள் வாங்கிக்கொண்டாள்.