வளைந்து கொடுக்கும் பலகை

ஒகினாவாத் தீவின் பழைய கராத்தேப் பயிற்சிக்கூடங்களில் முற்றத்து ஓரமாக ஒரு மரப் பலகை நட்டிருக்கும். ஏறக்குறைய ஏழடி நீளம். அதில் மூன்றில் ஒரு பங்கு மண்ணுக்குள். அடியில் நான்கைந்து விரற்கடைத் தடிமன். மேலே போகப் போக இழைத்து இழைத்து மெலிந்து, நுனியில் ஒரு விரல் தடிமன்தான் மிஞ்சும். நெஞ்சு உயரத்தில் வைக்கோல் புரியை இறுக்கிச் சுற்றியிருப்பார்கள். இப்போது பல இடங்களில் தோலோ ரப்பர் பட்டையோ அந்த இடத்துக்கு வந்துவிட்டது. இதன் பெயர் மாக்கிவாரா. வெறும் கையால் குத்திப் பழகுவதற்கு மனிதன் செய்துகொண்ட கருவிகளில் இவ்வளவு எளிமையும் இவ்வளவு நுட்பமும் சேர்ந்த இன்னொன்றை நான் அறியேன்.

அந்த இழைப்பில்தான் எல்லாம் இருக்கிறது. அடி முதல் நுனி வரை ஒரே தடிமனுள்ள கம்பத்தைத் தள்ளினால் அது தரையோரத்தில்தான் வளையும். மெலிந்துகொண்டே போகும் பலகையோ முழு நீளத்துக்கும் வில்லாக வளைகிறது. அதனால்தான் கணு இல்லாத, ரேகை நேராக ஓடும் மரமாகப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். கணு உள்ள இடத்தில் வில் ஓடாது, ஒருநாள் அங்கேதான் முறியும். முஷ்டி முதலில் தொடும்போது இந்தப் பலகை எதிர்ப்பே காட்டுவதில்லை. முஷ்டி உள்ளே போகப் போக, போன தூரத்துக்கு ஏற்ப எதிர்ப்பு கூடிக்கொண்டே வருகிறது. சிமெண்ட் சுவரைக் குத்தும் முஷ்டிக்கு நிற்பதற்குக் கிடைக்கும் தூரம் தோலின் தடிமன் மட்டுமே. மாக்கிவாரா இரண்டு மூன்று அங்குலம் இடம் தருகிறது. ஒரே வேகத்தில் வரும் முஷ்டியை நிறுத்தத் தேவைப்படும் விசை, நிற்கும் தூரம் கூடினால் குறையும். எலும்புக்கு எவ்வளவு பாரம் போக வேண்டும் என்பதைப் பலகை அளந்து கொடுக்கிறது. சுவருக்கு அந்த அளவு தெரியாது.

நல்ல குத்தைக் காதாலேயே அறியலாம். பல பள்ளிகளில் குத்திய முஷ்டியை உடனே பின்னால் இழுப்பதில்லை. பலகை வளைந்த நிலையிலேயே ஒரு கணம் அழுத்திப் பிடிக்கிறார்கள். அப்போது ‘டப்’ என்று ஒரே ஒலி எழுந்து அடங்கும். பிடி தளர்ந்த முஷ்டி என்றால் பலகை துள்ளி வந்து மறுபடியும் முட்டியில் மோதித் ‘தடதட’வென்று அதிரும். பழகிய காதுக்கு, திரும்பிப் பார்க்காமலே குத்தியவர் எங்கே தளர்ந்தார் என்று சொல்ல முடியும்.

பலகை திருப்பித் தள்ளும் விசை மணிக்கட்டு, முழங்கை, தோள், இடுப்பு என்று இறங்கி, பின்காலின் குதிகால் வழியாக மண்ணுக்குப் போய்ச் சேர வேண்டும். வழியில் எந்த மூட்டு தயாராக இல்லையோ அந்த மூட்டு உடனே அம்பலமாகிவிடும். மணிக்கட்டு மடங்கும், அல்லது தோள் காதை நோக்கி எழும், அல்லது குதிகால் தரையை விட்டுக் கிளம்பும். காற்றில் ஆயிரம் முறை குத்தினாலும் இந்தச் சேதி கிடைக்காது. தொங்கவிட்ட குத்துச்சண்டைப் பையும் முழுதாகச் சொல்லாது. கையுறையும் கட்டுத்துணியும் மணிக்கட்டின் குறையை மறைத்துவிடும். மாக்கிவாராவில் ஒளிய இடமில்லை. முட்டி காய்த்துப்போவது இந்தப் பயிற்சியின் கூடவே வருவது, அவ்வளவுதான். அதைப் பயனாக எண்ணி முன்னால் வைத்தவர்கள்தான் கையைக் கெடுத்துக்கொள்கிறார்கள் என்பது என் உறுதியான எண்ணம்.

குத்து விழ வேண்டியது ஆள்காட்டி விரல், நடுவிரல் ஆகிய இரண்டின் அடிமுட்டிகளில் மட்டும். இதற்குக் காரணம் கையின் அமைப்பிலேயே உண்டு. தண்ணீர் ஏந்துவதற்குக் குவிப்பதுபோல் உள்ளங்கையைக் குவித்துப் பாருங்கள். சுண்டுவிரல் பக்கமும் மோதிரவிரல் பக்கமும் உள்நோக்கி மடங்கி வரும். மற்ற இரண்டும் அசையாமல் நிற்கும். அந்த இரண்டின் உள்ளங்கை எலும்புகள் மணிக்கட்டு எலும்புகளோடு ஏறக்குறைய அசைவே இல்லாமல் பூட்டிக்கொண்டிருக்கின்றன. முஷ்டியிலிருந்து முன்கை வரை ஒரே தூண் அது. சுண்டுவிரல் பக்கத்து அசைவு பொருளைப் பற்றிப் பிடிக்க உதவும், இடிக்க உதவாது. அந்தப் பக்கம் அடி விழுந்தால் முட்டிக்குச் சற்றுக் கீழே கழுத்துப் பகுதியில் எலும்பு முறிகிறது. மருத்துவர்கள் இதைக் குத்துச்சண்டைக்காரர் முறிவு என்று அழைத்தாலும், கோபத்தில் கதவையும் சுவரையும் குத்தியவர்களிடமே இதை அதிகம் காண்கிறார்கள். பயிற்சி பெற்றவர் அங்கே அடி விழ விடமாட்டார். மாக்கிவாரா தரும் முதல் பாதுகாப்பு இதுதான்: எந்த முட்டி என்பதைக் கை தானாகவே கற்றுக்கொள்கிறது.

ஷூரி நகரின் இத்தோசு ஆங்கோ (1831–1915) கராத்தேயைப் பள்ளிக்கூடத்துக்குள் கொண்டுவந்தவர். 1908-இல் அவர் எழுதிய பத்து அம்சக் கடிதத்தில் மாக்கிவாராவுக்கு ஓர் அம்சம் ஒதுக்கியிருக்கிறார். தோளை இறக்கு, நெஞ்சைத் திற, பாதத்தால் தரையைப் பற்று, வலுவை அடிவயிற்றில் இறக்கு என்ற பொருளில் சொல்லிவிட்டு, அதன் பிறகுதான் ஒவ்வொரு கைக்கும் 100 முதல் 200 வரை என்று எண்ணிக்கைக்கு வருகிறார். அந்த வரிசைதான் எனக்கு மிகவும் பிடித்தது. எண்ணிக்கையை மட்டும் பிடித்துக்கொண்டு, அதற்கு முன்னால் அவர் சொன்னதை விட்டவர்கள் பலர். அவருடைய மாணவர் ஃபுனகோஷி கிச்சின் (1868–1957) 1922-இல் கராத்தேயை டோக்கியோவுக்குக் கொண்டுபோனபோது மாக்கிவாராவும் கூடவே போனது.

நாஹா நகரத்து மியாகி சோஜுனின் (1888–1953) கோஜு-ரியூ வழியில் இன்னும் சில கருவிகள் உண்டு. வாய் விளிம்பை விரல்களால் மட்டும் பற்றித் தூக்கி நடக்கும் மண்ஜாடிகள், கோலின் ஒரு முனையில் கல்லைப் பொருத்திய எடைகள். இவை முட்டியைத் தொடுவதே இல்லை. ஆனால் பிடியையும் முன்கையையும் உரமாக்கி, பலகை முன் மணிக்கட்டு மடங்காமல் காக்கின்றன. ஜாடியைத் தூக்காதவன் பலகைக்கு வந்தால் பாதி தயாரிப்போடு வந்தவன்.

எலும்பு உண்மையிலேயே மாறுகிறதா? மாறுகிறது. தன்மேல் விழும் பாரத்துக்கு ஏற்ப எலும்பு தன்னைத் திருத்திக் கட்டிக்கொள்கிறது என்று ஜெர்மன் அறுவை மருத்துவர் யூலியஸ் வோல்ஃப் 1892-இல் எழுதினார். இளமை முதல் டென்னிஸ் ஆடியவர்களின் மட்டை பிடிக்கும் கை எலும்பு மற்றக் கையைவிடத் தடித்திருப்பது பின்னாளில் அளந்து பார்த்த உண்மை. பொதுவாகவே எலும்பு நாம் நினைப்பதைவிட உறுதியானது. 1979-இல் மைக்கேல் ஃபெல்டும் இன்னும் இருவரும் கராத்தேயின் இயற்பியலைப் பற்றி சயின்டிஃபிக் அமெரிக்கன் இதழில் எழுதியபோது, கான்கிரீட்டைப் போல ஏறக்குறைய 40 மடங்கு அழுத்தத்தை எலும்பு தாங்கும் என்று காட்டினார்கள். ஆனால் எலும்பின் வேலை மெதுவானது. பழையதைக் கரைத்துப் புதியதை நிரப்பும் ஒரு சுற்று முடிய மாதங்கள் ஆகும். தொடர்ந்து ஒரே அடியை வாங்கும் எலும்புச் செல்கள் சீக்கிரமே மரத்துப்போகின்றன. இடைவெளி கொடுத்தால்தான் மறுபடி உணர்கின்றன. வாரத்தில் ஒரு நாள் ஐந்நூறு குத்துக் குத்துவதைவிட, சில நாட்களுக்குப் பிரித்துச் சிறிது சிறிதாகக் குத்துவதே எலும்புக்குப் புரியும் முறை.

அதே முட்டியில், அந்த எலும்பை ஒட்டியே, இப்படிப் பதில் சொல்லத் தெரியாத திசுக்களும் இருக்கின்றன. எலும்பு முனையைப் போர்த்திய குருத்தெலும்புக்கு இரத்த நாளமே கிடையாது. அது தேய்ந்தால் அநேகமாகத் தேய்ந்ததுதான். முட்டியின் மேல் ஓடும் தசைநாணை இரண்டு பக்கமும் மெல்லிய பட்டைகள் பிடித்து நிறுத்துகின்றன. முஷ்டி மூடும்போது அந்த நாண் எலும்பின் உச்சியில் விறைத்து நிற்கிறது. அடி அதன் மேல்தான் விழுகிறது. பட்டை கிழிந்தால் நாண் பக்கவாட்டில் நழுவி, விரலை நேராக நீட்டுவதே பாடாகிவிடும். பெரும்பாலும் நடுவிரலுக்கு நேரும் இந்தக் காயம் சில சமயம் அறுவை சிகிச்சை வரை போகும். தோல் தடித்துவிட்டதால் வலி குறைகிறது. வலி குறைந்ததால் உள்ளே எல்லாம் நலம் என்று நம்பிவிடுகிறோம். இந்தப் பயிற்சியின் பெரிய அபாயம் அந்த நம்பிக்கைதான். காலையில் எழுந்ததும் விரல் விறைத்திருந்தால், முட்டிப் பள்ளங்கள் வீங்கி மறைந்திருந்தால், பலகையை விட்டு விலகி இருக்க வேண்டும். வீணையும் வயலினும் வாசிப்பவர்கள், நுண்ணிய கைவேலை செய்பவர்கள் இந்தப் பக்கம் வராமலிருப்பதே நல்லது என்று ஒளிவுமறைவின்றிச் சொல்வேன்.

கியோகுஷின் பள்ளியை நிறுவிய மாஸ் ஓயாமா (1923–1994) காளைகளோடு மோதியும் கற்களை உடைத்தும் உலகப் புகழ் பெற்றார். அத்தகைய வீரர்களின் புடைத்த முட்டிகள் படங்களில் வந்தபோது, அந்தப் புடைப்பே கலையின் அடையாளமாகிவிட்டது. புரூஸ் லீ படங்கள் நம் ஊர்க் கொட்டகைகளுக்கு வந்தபின் இங்கேயும் பையன்கள் மதில் சுவரில் முட்டியைப் பழக்கினார்கள். எனக்கு அந்தப் புடைப்பில் அழகு தெரிவதில்லை. வெடித்து, புண் ஆறி, மறுபடி வெடித்த முட்டி, நழுவி உராய்ந்த குத்துகளின் கணக்கைத்தான் காட்டுகிறது. நேராக வந்து நேராக அழுத்தும் முஷ்டியில் தோல் கிழிவது அரிது. நான் ரசித்துப் பார்க்கும் கையில் இரண்டு முட்டிகளின் மேல் மட்டும் தட்டையான, வழவழப்பான காய்ப்பு இருக்கும். அந்தக் கையால் ஊசியில் நூலும் கோக்க முடியும்.

1985-இல் பிரிட்டிஷ் விளையாட்டு மருத்துவ இதழ் ஒன்றில், 22 கராத்தே ஆசிரியர்களின் கைகளைப் பரிசோதித்து எக்ஸ்-ரேயும் எடுத்துப் பார்த்த ஆய்வு வெளியானது. மூட்டுத் தேய்மானம் சீக்கிரமே வந்ததற்கான சான்று அவர்களிடம் கிடைக்கவில்லை. மகிழ்ச்சியான செய்திதான். ஆனால் ஆசிரியராகும் வரை நிலைத்தவர்கள் முறையாகக் கற்றவர்கள், கை தாங்கியவர்கள். தாங்காமல் நடுவில் விட்டவர்கள் அந்த 22 பேரில் இருக்க வாய்ப்பில்லை. முறையான பயிற்சி கையைக் கெடுத்தே தீரும் என்பது பொய் என்ற அளவுக்குத்தான் அந்த முடிவை எடுத்துக்கொள்ளலாம். எல்லாக் கைக்கும் அது உத்தரவாதம் ஆகாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பலர் பகிரும் மாக்கிவாராவில் ஒருவர் முட்டி கிழிந்து இரத்தம் ஒட்டினால், ஹெபடைடிஸ்-பி போன்ற நோய்கள் அடுத்தவரின் கிழிந்த தோல் வழியாகப் போக முடியும். இரத்தம் வந்தால் நிறுத்து, பட்டையைச் சுத்தம் செய். இதில் வீரத்துக்கு இடமில்லை.

சிறுவர்களைப் பொறுத்தவரை நான் எந்தச் சலுகையும் தர மாட்டேன். கட்டைவிரல் தவிர்த்த நான்கு விரல்களின் உள்ளங்கை எலும்புகளும் வளர்வது முட்டிப் பக்கத்து முனையில்தான். அடி விழும் இடத்தை ஒட்டியே வளர்ச்சித் தட்டு இருக்கிறது. பெண்பிள்ளைகளுக்கு ஏறக்குறைய 14, 15 வயதிலும் பையன்களுக்கு 16, 17 வயதிலும்தான் அது மூடும். இத்தோசுவின் காலத்தில் இதைப் படம் பிடித்துப் பார்க்கும் வசதி ஒகினாவா ஆசிரியருக்கு இல்லை, நமக்கு இருக்கிறது. சிமெண்ட் தரையில் முட்டி ஊன்றித் தண்டால் எடுக்கச் சொல்லிப் பத்து வயதுப் பிள்ளையை வரிசையில் நிறுத்தும் மாஸ்டரிடம் பெற்றோர் தயங்காமல் கேள்வி கேட்கலாம். அந்த வயதில் கற்க வேறு நிறைய இருக்கிறது: விரல்நுனியிலிருந்து சுருட்டிக் கட்டைவிரலை வெளியே பூட்டி முஷ்டி மூடுவது, குதிகாலை ஊன்றி நிற்பது, இடுப்பைத் திருப்புவது, மணிக்கட்டை நேராக வைப்பது. இவை கைவந்தபின், வயதும் வந்தபின், உள்ளங்கையால் அழுத்தினாலே நன்றாக வளையும் மெல்லிய பலகை ஒன்றில் தொடங்கட்டும்.