சூளைக்குப் போகாத மண்

மண்ணைப் பிசைந்த அனுபவமே போதும், செய்த பொருள் என்ன ஆனால் என்ன? கலைக்கல்வி பற்றிப் பேசுகிற இடங்களில் இந்த வாதம் இப்போது மறுப்பே இல்லாமல் ஏற்கப்படுகிறது. பள்ளி மாணவருக்கான கலைத் திருவிழா, கலா உத்சவ் போன்ற போட்டி மேடைகளால் கைவினைக்கும் சிற்பத்துக்கும் உயர்நிலை, மேல்நிலை வகுப்புகளில் ஒரு மதிப்பு வந்திருக்கிறது. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையும் ஆறு முதல் எட்டாம் வகுப்புவரை அறிமுகமாக வேண்டிய தொழில்களில் மட்பாண்டத்தைச் சேர்த்திருக்கிறது. நல்லதுதான். விரல்கள் பழகும். ஓவிய வகுப்பில் ஒதுங்கி உட்காரும் பார்வையற்ற பிள்ளைக்கும் மண்வேலையில் இடம் உண்டு. சக்கரம் இல்லாமல் கையாலேயே வனைவதைப் பள்ளிக்குத் தேர்ந்ததும் சரி.

என் மறுப்பு ஒன்றுதான், நெடுநாளாகச் சொல்லிவருவது. நம் பள்ளிகளில் பெரும்பாலும் மண் சூளைக்குப் போவதே இல்லை.

போட்டியில் யானை செய்யச் சொல்கிறார்கள். பிள்ளை மண்ணைத் திண்டாக உருட்டுகிறது. உள்ளே கம்பி, செய்தித்தாள். காது நிற்கவில்லையா, பசை. விரிசல் விட்டதா, மேலே போஸ்டர் கலர். யானை யானையாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்து நடுவர் மதிப்பெண் போடுகிறார். அதே யானையைச் சூளையில் வைத்தால் என்ன நடக்கும்? கனத்த வயிற்றுக்குள் தங்கிய ஈரம் 100 பாகை செல்சியஸை எட்டியதும் நீராவியாகி உடலைப் பிளக்கும். (பலர் காற்றுக்குமிழி மேல் பழி போடுகிறார்கள், பெரும்பாலும் ஈரம்தான் காரணம்.) கீறிவிட்டுக் குழைமண் தடவாமல் ஒட்டிய தும்பிக்கை, சூளை வரைக்கும்கூட வராது, காயும்போதே கழன்றுவிடும். சுவர் ஏன் ஒரே கனத்தில் இருக்க வேண்டும், நிழலில் ஏன் மெல்ல உலர்த்த வேண்டும், மண்ணோடு மணலை ஏன் கலக்க வேண்டும்? மண்வேலையின் பாடம் இந்தக் கேள்விகளில் இருக்கிறது. தீ இல்லாவிட்டால் பிள்ளைக்கு இவற்றில் எதுவும் தேவைப்படாது. ஏறத்தாழ 450 பாகைக்கு மேல் மண்ணோடு வேதியியலாகப் பிணைந்திருக்கும் நீரும் வெளியேறத் தொடங்குகிறது. அது முழுக்கப் போனபின் எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் ஓடு மறுபடி களிமண் ஆகாது. வேதியியல் புத்தகத்தில் மீளா வினை என்று மனப்பாடம் செய்யும் பத்தாம் வகுப்பு மாணவி, தன் கையால் செய்த கிண்ணத்திலேயே அதைப் பார்த்திருக்கலாம்.

இந்த அறிவைத் தேடி வெளிநாட்டுக்குப் போக வேண்டியதில்லை. புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கத்து அய்யனார் கோயில்களில் நிற்கும் மண்குதிரைகளைப் பாருங்கள். கால்கள் உருளைகளாக எழும்பும், அவற்றின்மேல் உடல் படிப்படியாக ஏறும், உள்ளே வெற்றிடம். மண்ணில் மணலும் வைக்கோலும் சேர்ந்திருக்கும். குதிரையின் கம்பீரத்தில் பாதி, நெருப்புக்கு முன்கூட்டியே பதில் சொல்லி வைத்ததால் வந்தது. அதைச் செய்த குயவரான வேளாரை நாம் பள்ளிக்கு அழைப்பது எதற்கு? ஒருநாள் சக்கரம் சுற்றிக் காட்ட, பிள்ளைகளோடு படம் எடுக்க. சூளை அடுக்கத் தெரிந்தவரை வேடிக்கை காட்டுபவராக ஆக்கி அனுப்பிவிடுகிறோம்.

மின்சூளைக்குப் பணம் எங்கே என்று கேட்பார்கள். நார் கலந்த, தானாக உலரும் களிமண் பொட்டலங்களை ஆண்டுதோறும் வாங்கித்தரச் சொல்லும் தனியார் பள்ளிகள் இதைக் கேட்கக் கூடாது. அரசுப் பள்ளியின் சிரமம் வேறு. வாரத்தில் சில நாள் மட்டும் வரும் பகுதிநேர ஓவிய ஆசிரியரிடம் எவ்வளவுதான் கேட்பது? ஆனாலும் வரட்டி, வைக்கோல், உமி, நாலு வரிசைச் செங்கல் இருந்தால் மைதானத்து ஓரத்தில் சூளை போட்டுவிடலாம். 700, 800 பாகை போதும். பக்கத்து ஊர்க் குயவரின் சூளையில் ஒரு மூலை கேட்டு வாங்கலாம். ஆபத்து என்பவர்கள், அதே பள்ளியின் ஆய்வகத்தில் அமிலம் இருப்பதை மறந்துவிடுகிறார்கள்.

அனுபவம் போதும் என்பவர்களுக்கு என் பதில் இதுதான்: அனுபவத்தின் கடினமான பாதியை நீங்களே வெட்டி எடுத்துவிட்டீர்கள். தான் செய்தது ஏன் வெடித்தது என்று யோசிக்கும் வாய்ப்பு மாணவருக்குக் கிடைக்கவேயில்லை. போட்டி விதியை மாற்றுங்கள். அன்றே பரிசு வேண்டாம். பிள்ளைகள் செய்து முடித்ததை உலர்த்தி, சுட்டு, ஒரு மாதம் கழித்து மதிப்பிடுங்கள். வெடித்துப்போன வேலைக்கும் இடம் கொடுங்கள், ஏன் வெடித்தது என்று மாணவர் சில்லுகளை வைத்து விளக்கினால் அதற்கும் மதிப்பெண் போடுங்கள்.